சுவிட்ச் தெரியாத வீட்டுக்காரன்

தன் வீட்டு லைற் சுவிட்ச் எந்தச் சுவரில் இருக்கிறது என்று தெரியாத வீட்டுக்காரனை நான் ரொறன்ரோவில்தான் முதன்முதலாகக் கண்டேன். அவன் வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த தம்பி சுதன். பதினோராம் மாடியில் கதவைத் திறக்கவே மூன்று சாவி மாற்றிப் பார்த்தான். உள்ளே போனதும் சுவரைத் தடவத் தொடங்கினான். இடப்பக்கம் தடவினான், வலப்பக்கம் தடவினான், குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கமும் தடவினான். கடைசியில் என் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்த அவனுடைய சிநேகிதன் யோகன்தான் கதவுக்குப் பின்னால் கையை விட்டு லைற்றைப் போட்டான்.

"பல்ப் புதுசு அக்கா, அதுதான்," என்றான் சுதன். பல்புக்கும் சுவிட்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்குத் தென்பு இருக்கவில்லை.

தொண்ணூற்றேழு நவம்பர். பிரான்சில் நீஸ் நகரத்திலிருந்து ஒன்பது நாள் லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். ஊர் பார்க்க வரவில்லை. என்னோடு வேலை செய்கிற தர்சினி என்ற பிள்ளையைச் சுதனுக்குப் பேசியிருந்தோம். இரண்டு பேரும் படம் மாற்றி, கடிதம் மாற்றி, ரெலிபோனிலும் கதைத்துவிட்டார்கள். பிள்ளையின் தகப்பன்தான் ஒரே பிடியாக நின்றார். "மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இருக்கெண்டு சொல்லுறியள். ஒருக்கா நேர போய்ப் பாத்திட்டு வாங்கோ பிள்ளை. உங்கட வாயால சொன்னாப் போதும், நான் நாள் வைக்கிறன்."

வெக்ஸ்போர்ட் பக்கம் சொந்த அப்பார்ட்மென்ற் வாங்கிவிட்டேன் என்று மூன்று வருடமாகச் சுதன் எங்கள் எல்லோருக்கும் எழுதிக்கொண்டிருந்தான். தர்சினி வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீங்கள் பாத்து ஓம் எண்டா ஓம், அக்கா," என்று மட்டும் சொன்னாள். தகப்பன் சொன்னதைவிட அவள் சொன்னதுதான் எனக்குப் பாரமாக இருந்தது.

விமான நிலையத்தில் இறங்கியதும் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. பார்க்கும் பலகையெல்லாம் ஆங்கிலத்துக்குக் கீழே பிரெஞ்சு. எனக்கு ஆங்கிலம் ஓடாது, பிரெஞ்சு சரளம். சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தக் கட்டடத்தைத் தாண்டிய பிறகு ஒன்பது நாளும் ஒரு மனிதர் வாயிலிருந்தும் பிரெஞ்சு வரவில்லை. பால் பெட்டி பிரெஞ்சு பேசியது. சோப்புத்தூள் பெட்டி பேசியது. பேசக்கூடிய ஆட்கள் மட்டும் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார்கள்.

முதல் நாள் சாப்பாடு கடையிலிருந்து வந்த கொத்துரொட்டி. சாப்பிட்டுவிட்டுக் கை துடைக்கத் துணி கேட்டேன். சுதன் அடுப்படி மேசையில் ஐந்து லாச்சியை இழுத்துத் திறந்தான். ஐந்தாவதில் இருந்தது. குடிக்கத் தண்ணீர்க் கிளாஸ் கேட்டேன். மறுபடியும் ஊர்வலம். ஹீற்றர் ஒரு பக்கம் கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் குறைக்கச் சொன்னால் குமிழைத் திருகி இன்னும் கூட்டினான். வெளியே உறைபனி, உள்ளே நான் விசிறிக்குக் கடதாசி தேடுகிறேன்.

குளியலறைக்குப் போனேன். வாளி இல்லை. சரி, பிள்ளை ஷவரில் குளிக்கிறவனாக்கும். ஆனால் கக்கூசுக்குப் பக்கத்தில் தண்ணீர் அள்ள ஒரு பேணிகூட இல்லை! ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு யக்கு, எதுவும் இல்லை. எந்தத் தேசத்துக்குப் போனாலும் எங்கள் ஆட்கள் வீட்டில் சாமிப் படம் இல்லாமல் இருக்கலாம், அந்தப் பேணி இல்லாமல் இருக்காது. சாமிப் படம் என்று பார்த்தால் ஒரு சின்னப் பிள்ளையார் ரெலிவிஷனில் சாய்ந்துகொண்டு நின்றார். சுவரில் இருந்தது பாய்க்கப்பல் படம். அதை நான்கு மூலையிலும் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள்.

எனக்கு அறையை விட்டுத்தந்துவிட்டுத் தான் ஹோலில் படுப்பதாகச் சொன்னான். சோபாவைக் கட்டிலாக்க வேண்டும். அதைத் தூக்கினான், இழுத்தான், முழங்காலால் தள்ளினான். பார்த்துப் பார்த்து எனக்கு விசர் வந்தது. போய் நடுவில் இருந்த பட்டியைப் பிடித்து ஒரே இழுப்பில் விரித்துவிட்டேன்.

"உங்களுக்கு எப்பிடி அக்கா தெரியும்?"

"பிரான்சிலயும் உது இருக்கடா," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டேன்.

இரண்டாம் நாள் விடிய ஐந்தரைக்கே அவன் வேலைக்குப் போய்விட்டான். பேக்கரித் தொழிற்சாலை ஒன்றில் வேலை. தேத்தண்ணி போட எழும்பி அடுப்படியை ஆராய்ந்தேன். உப்புப் பைக்கற் வெட்டப்படாமல் இருந்தது. மிளகாய்த்தூள் இல்லை. கடுகு இல்லை. ஆறு வருடம் கனடாவில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவன் வீட்டில் ஒரு மணிக் கடுகு இல்லை! கோப்பை நான்கு. சாப்பாட்டுப் பீங்கான் நான்கு. கரண்டி நான்கு, முள்ளுக்கரண்டி நான்கு, கத்தி நான்கு. எல்லாம் ஒரே அச்சு.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் மனம் கேட்காமல் கழுவுதொட்டிக்கு மேலே இருந்த அலுமாரிக் கதவைத் திறந்து அதன் உட்பக்கத்தைப் பார்த்தேன். பிளாஸ்ரிக் உறைக்குள் வீட்டுச் சாமான் பட்டியல் ஒட்டியிருந்தது. எங்கள் நீஸிலும் அதே இடத்தில்தான் ஒட்டுவோம்.

இங்கே என்னைப் பற்றி ஓர் உண்மை சொல்ல வேண்டும். எட்டு வருடமாக நான் நீஸில் செய்கிற வேலை விடுமுறை வீடுகளைத் துப்புரவாக்குவது. கடல் பார்க்க வருகிறவர்களுக்குக் கிழமைக் கணக்கில் வாடகைக்கு விடும் சின்ன அப்பார்ட்மென்றுகள். சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு குடும்பம் போகும், நான்கு மணிக்கு அடுத்த குடும்பம் வரும். இடையில் நானும் தர்சினியும் கட்டிலை உரித்து, குளியல்தொட்டி மயிர் எடுத்து, கரண்டி எண்ணி, பட்டியலில் கையெழுத்து வைப்போம். கப்பல் படத்தைச் சுவரோடு திருகி வைப்பது ஏன் என்று எனக்குத் தெரியும். இதுவும் அப்படி நாள் கணக்கில் எடுத்த வாடகை வீடுதான். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறான் என் தம்பி.

அலுமாரிக் கதவை அடித்துச் சாத்தினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன், அதைப் பூசணித் தோட்டக்காரியிடமா மறைப்பான்? பின்னேரம் வரட்டும், நாலு கேள்வி கேட்கிறேன் என்று இருந்தேன். வந்தான். இரண்டு கையிலும் இடியப்பப் பார்சல். "அக்கா, வீடு பிடிச்சிருக்கோ?" என்று கேட்டான். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் கேட்கவில்லை? கேட்டால், 'உங்களுக்கு எப்படித் தெரியும்' என்று அவன் திருப்பிக் கேட்பான். அவனுக்கும் ஊரிலிருக்கும் அம்மாவுக்கும் நான் எட்டு வருடமாக எழுதியிருப்பது வேறு. பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருக்கிறேனாம். முன்னால் ரெலிபோனாம். கழுத்தில் நீலப் பட்டுத் துணி கட்ட வேண்டுமாம். என்னைக் காட்டிக்கொடுக்காதே என்று தர்சினியிடமும் சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பட்டுத் துணியை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. இதில் அவனை எந்த வாயால் கேட்பது?

மூன்றாம் நாள் கடையில் கடுகு வாங்குவதென்று தனியாகப் புறப்பட்டேன். தமிழ்க் கடைகள் இருக்கிற பிளாசாவுக்கு ஒரு பஸ், பிறகு மாறி இன்னொரு பஸ். முதல் பஸ்ஸில் ஏறும்போதே சின்னக் கடதாசி ஒன்று கேட்டு வாங்க வேண்டுமாம், அடுத்த பஸ்ஸில் அதைத்தான் காட்ட வேண்டுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? இரண்டாவது பஸ் சாரதி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நான் பிரெஞ்சில் விளக்குகிறேன். அவர் கையை இன்னும் நீட்டுகிறார். பின்னால் நிற்கிற சனம் குளிரில் உறுமுகிறது.

"விடுங்கோ தங்கச்சி, நான் கதைக்கிறன்," என்று ஒரு குரல் வந்தது. சாமான் வண்டில் இழுத்துக்கொண்டு வந்த ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், சாரதியோடு என்னவோ பேசி என்னை உள்ளே தள்ளினார். தள்ளிய கையோடு பக்கத்தில் இருத்திவைத்து விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

"எந்த ஊர்?"

சொன்னேன்.

"ஆரின்ர மகள்?"

சொன்னேன்.

"இஞ்ச ஆரோட நிக்கிறீங்கள்?"

"தம்பியோட. வெக்ஸ்போர்ட்டில."

"சொந்த வீடோ, வாடகையோ?"

முன்பின் அறியாத மனிசி, பஸ்ஸில் அறிமுகமாகி மூன்று நிமிடம் ஆகவில்லை. பிரான்சில் இப்படி ஒருவர் கேட்டால் அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவேன். ஆனால் என் வாய் எனக்கு முந்திக்கொண்டது. "சொந்தம்," என்றேன்.

"குடுத்து வச்ச பெடியன். நாங்கள் பத்து வருஷமா பேஸ்மென்ற்தான். மேல வெள்ளைக்காரன் நடந்தா எங்கட சோத்துக்குள்ள தூசி விழும்," என்று சொல்லிப் பெரிதாகச் சிரித்தார். ஒளிக்கவும் இல்லை, கூசவும் இல்லை. எனக்குத்தான் முகம் சுட்டது. பொய் எவ்வளவு லேசாக வந்தது என்று நினைத்துக்கொண்டே இறங்கி, அந்தக் கவலையில் கறிவேப்பிலையும் தூளும் வாங்கிக்கொண்டு கடுகை மறந்து திரும்பி வந்தேன்.

நான்காம் நாள் மீன் பொரித்தேன். கூரையில் இருந்த புகை மணி ஊரைக் கூட்டியது. வீட்டுக்காரனுக்கு அதை நிற்பாட்டத் தெரியவில்லை. கதிரையில் ஏறி நின்று துவாயால் வீசினான், மணி இன்னும் கத்தியது. நான் ஜன்னலைத் திறந்து, அவனை இறக்கி, ஏறி நடுவில் இருந்த பொத்தானை அமத்தினேன். இந்த முறை எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. யோகனின் வான் வண்டியில் நயாகரா போனோம். கனடாவுக்கு வந்து அதைப் பார்க்காமல் திரும்பினால் வழக்குப் போடுவார்கள் போலிருக்கிறது. பார்த்தேன். தண்ணீர் விழுகிறது. விறைத்த கையோடு கட்டுச்சோறு சாப்பிட்டோம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்ததென்று சுதன் சொன்னான், பெட்டியின் மூடியில் கடையின் பெயர் இருந்தது.

ஆறாம் நாள் நீஸிலிருந்து தர்சினியின் தகப்பன் ரெலிபோன் எடுத்தார். "எப்பிடிப் பிள்ளை வீடு?"

சுதன் கழுவுதொட்டியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீரை நிற்பாட்டிவிட்டு அசையாமல் நின்றான். முதுகு மட்டும் தெரிந்தது.

"பதினோராம் மாடி. நல்ல வெளிச்சம்," என்றேன். "வந்து விவரமாச் சொல்லுறன்."

அதில் பொய் ஒன்றும் இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்தப் பார்த்தேன். முடியவில்லை. தர்சினியின் குரல் பின்னால் கேட்டது. அக்காவுக்கு அங்கே குளிரோ என்று தகப்பனிடம் கேட்கிறாள். அந்தப் பிள்ளைக்கு நான் செய்யப்போவது என்ன? தம்பியைக் காப்பாற்றினால் அவள் இல்லாத வீட்டுக்கு வந்து இறங்குவாள். அவளைக் காப்பாற்றினால் முப்பத்திரண்டு வயதில் இவன் கல்யாணம் முறியும், பொய்யன் என்ற பெயரும் வரும். அன்றும் அடுத்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சுதன் அதைச் சாப்பாட்டின் குற்றமென்று நினைத்து வேறு வேறு கடையிலிருந்து வாங்கி வந்தான்.

ஒன்பதாம் நாள் எனக்குப் பின்னேரம் ஆறு மணிக்கு விமானம். காலை எட்டு மணிக்கு வந்து, "வெளிக்கிடுங்கோ அக்கா, எயார்போர்ட்டுக்குப் போவம்," என்கிறான்.

"ஆறு மணி பிளேனுக்கு எட்டு மணிக்கே போய் நான் என்ன, பிளேனுக்குக் காத்தடிக்கிறதோ?"

"இல்லை அக்கா, ரோட்டில சனம் கூட."

பதினொரு மணிக்குச் சாவி கொடுக்க வேண்டும். அதுதான் சங்கதி. வேலையில் எத்தனை சனிக்கிழமை நானே கதவில் நின்று மணிக்கூட்டைப் பார்த்திருக்கிறேன்! இனி என்னால் பொறுக்க முடியவில்லை. மேல்கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டேன். கட்டிலை உரித்தேன். விரிப்புகளைத் தலையணை உறைக்குள் சுருட்டிக் கதவடியில் வைத்தேன். குளியல்தொட்டியை உரஞ்சி, குழாய்களை உலர்ந்த துணியால் பளபளவென்று துடைத்தேன். கிளாசுகளைக் கவிழ்த்து அடுக்கினேன். குளிர்சாதனப் பெட்டியின் றப்பர் விளிம்பைக்கூட விடவில்லை. சுதன் பின்னாலேயே திரிந்தான்.

"விடுங்கோ அக்கா, நான் பிறகு செய்யிறன். நீங்கள் விருந்தாளி."

"நீயும்தான்," என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

பத்தரைக்கே கதவு தட்டப்பட்டது. கையில் பட்டியலோடு ஒரு வயதான கிரேக்கப் பெண்மணி. சுதன் முகத்தில் இரத்தமில்லை. "பில்டிங் ஆள் அக்கா... சும்மா செக் பண்ண வாறவ," என்றான். இன்னும் பொய்யை விடுகிறான் இல்லை!

அந்த அம்மா அறையைப் பார்த்தார், குளியலறையைப் பார்த்தார், தரைவிரிப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு அடுப்படிக்கு வந்து எண்ணத் தொடங்கினார். கோப்பை நான்கு. பீங்கான் நான்கு. முள்ளுக்கரண்டி நான்கு. தேக்கரண்டி மூன்று. மறுபடி எண்ணினார். மூன்று. சுதனைப் பார்த்து ஏதோ கேட்டார். அவன் வேர்த்துப்போய்க் குப்பைப் பையை அவிழ்க்கக் குனிந்தான்.

எந்த வீட்டிலும் தேக்கரண்டி குப்பைக்குள் போவதில்லை. நான் போய் லாச்சியை முழுதாக இழுத்துக் கழற்றினேன். அந்த ஓட்டைக்குள் முழங்கை மட்டும் கையை விட்டு, பின்பக்கம் விழுந்து கிடந்த கரண்டியை எடுத்து, துடைத்து, மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் வைத்தேன். லாச்சியைத் திரும்பப் பூட்டினேன். பழக்க தோசத்தில் பட்டியலின் அடியில் கையெழுத்து வைக்கிற இடத்தையும் விரலால் காட்டிவிட்டேன்.

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுதனிடம் நீளமாகப் பேசினார். அவன் நிலத்தைப் பார்த்தபடி எனக்குத் தமிழில் சொன்னான்.

"இருவது வருஷத்தில ஒருத்தரும் இவவின்ர வீட்டை இப்பிடி ஒப்படைச்சதில்லையாம் அக்கா. உங்களுக்கு... உங்களுக்கு வேலை வேணுமோ எண்டு கேக்கிறா."

"எனக்கு வேலை இருக்கெண்டு சொல்லு. நீஸில எட்டு வருஷமா இதே வேலைதான் எண்டு சொல்லு."

அவன் அதை மொழிபெயர்க்கவில்லை. தலையை நிமிர்த்தி என் கையைப் பார்த்தான். ஒன்பது நாளில் முதல் முறையாகப் பார்த்தான் என்று நினைக்கிறேன். எட்டு வருடம் பிளீச் தண்ணீரில் கிடந்த கை. வரவேற்பு மேசைக் கை இல்லை அது.

"அப்ப அந்த நீல ஸ்கார்ப்?" என்றான்.

"உன்ர பதினோராம் மாடி மாதிரித்தான்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அவனுக்குக் கண்ணீரும் வந்தது. எனக்கு வரவில்லை என்று எழுதினால் இன்னொரு பொய்யாகிவிடும்.

"பிளேனுக்கு நேரம் கிடக்கு. உன்ர வீட்டைக் காட்டு," என்றேன்.

யோகனின் வான் மல்வேர்னுக்குப் போனது. வரிசை வீடு ஒன்றின் பக்கவாட்டுக் கதவு. அதைத் திறந்தால் கீழே இறங்கும் படி, கும்மிருட்டு. எனக்கு முன்னால் இறங்கிய சுதன் திரும்பிப் பாராமலே சுவரில் கையை வீசினான், லைற் எரிந்தது. "மூண்டாம் படி கவனம் அக்கா, உடைஞ்சது," என்றான். கூரை கை எட்டும் உயரம். ஒரு அறை அவனுக்கு, ஒரு அறை யோகனுக்கு, அடுப்படி பொது. குளியலறைக்குள் எட்டிப் பார்த்தேன். வாளியும் சிவப்புப் பேணியும் இருந்தன. அப்பாடா என்றிருந்தது.

இருக்கச் சொல்லிவிட்டு அவன் சமைத்தான். எந்தப் போத்தலையும் தேடவில்லை. பேசிக்கொண்டே கை போகும், வேண்டியது கையில் வரும். சட்டியில் கடுகு வெடித்தது. கத்தரிக்காய்க் குழம்பும் சோறும். ஒன்பது நாளில் நான் பசியோடு சாப்பிட்டது அதுதான். இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன்.

"தர்சினியிட்ட என்ன சொல்லப் போறீங்கள்?" என்று கேட்டான்.

"நீ முதல் சொல்லியிருக்க வேண்டியதை."

அவன் தலையை ஆட்டினான்.

அடுத்த சனிக்கிழமை நீஸில், கடலுக்கு எதிரே இருக்கிற ஒரு மூன்றாம் மாடி வீட்டில், விரிப்பின் ஒரு பக்கத்தை நானும் மறுபக்கத்தைத் தர்சினியும் பிடித்துக்கொண்டு நின்றோம். எல்லாவற்றையும் சொன்னேன். பதினோராம் மாடியைச் சொன்னேன், கரண்டியைச் சொன்னேன், மூன்றாம் படியைச் சொன்னேன். அவள் விரிப்பின் மூலையை மடித்துச் செருகினாள்.

"ஜன்னல் இருக்கோ அக்கா?"

"ஒண்டு இருக்கு. சின்னன். புல்லுத்தான் தெரியும்."

"சமைப்பாரோ?"

"நல்லாச் சமைப்பான்."

தலையணையை உறைக்குள் போட்டுத் தட்டினாள்.

"கொப்பருக்கு நானே வந்து சொல்லுறன். என்னைத்தானே நம்பி அனுப்பினவர்," என்றேன்.

"வேண்டாம் அக்கா. அப்பாவிட்ட நான் சொல்லுறன்," என்றாள். "பேஸ்மென்ற் எண்டும் சொல்லுறன், ஓம் எண்டும் சொல்லுறன்."

சொல்லிவிட்டுக் கரண்டிகளை எண்ணப் போனாள்.